மண்ணுக்குள் போன கார்பன் அங்கேயே இருந்துவிடாது

மேலே ஒருவர், ‘காட்டு மண்ணுக்குள் போன கார்பன் வெளியே வராது, மண் கார்பனைக் கணக்கிடும் கணினி மாடலில் ஒரே நிலையான எண்ணாகப் போட்டால் போதும்’ என்கிறார். அது சரியில்லை. அமெரிக்காவின் ஹார்வர்ட் காட்டில் 1991 முதல், 10 செ.மீ. ஆழத்தில் மின்கம்பி புதைத்து, பக்கத்து மண்ணைவிட 5 டிகிரி கூடுதலாகச் சூடேற்றிப் பார்த்தார்கள். 26 ஆண்டுகளில், மேல் 60 செ.மீ. மண்ணிலிருந்த கார்பனில் சுமார் 17 சதவீதம் போய்விட்டது. அதுவும் சீராகப் போகவில்லை. முதல் பத்தாண்டு வேகம், அப்புறம் நின்றது போல ஒரு காலம், மறுபடி வேகம்!

அப்படி மண் கார்பனைக் கணக்கிடும் மாடல்களில் ஒன்றான ரோத்-சி (RothC) கூட சருகு, நுண்ணுயிர், மட்கு என்று கார்பனைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி வேகம் கொடுக்கிறது. மட்காத பங்கு என்று ஒன்றும் அதில் உண்டு. அவர் அதை மட்டும் பிடித்துக்கொண்டார் போல.