மூன்று நாள் விழாவும் ஷிஃப்ட் 2 ஆட்களும்

அந்த ஸ்கிரீன்ஷாட்டை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், மறுபடி இங்கே போடவில்லை. வியாழக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல், நான் முன்பு வேலை பார்த்த கத்தோலிக்கக் கல்லூரியின் ஆசிரியர் குழுவில் ஓர் அறிவிப்பு. வெள்ளி கல்ச்சுரல்ஸ், சனி கிறிஸ்துமஸ் விழா, ஞாயிறு முன்னாள் மாணவர் சந்திப்பு, மூன்று நாளும் ஷிஃப்ட் 2, அதாவது சுயநிதிப் பிரிவு ஆசிரியர்கள் காலை ஏழரைக்கு வந்துவிட வேண்டும், வராதவர்களுக்குச் சம்பளப் பிடித்தம். அதன் கீழே ஒரு பெண், "ஞாயிற்றுக்கிழமைக்கு காம்ப் ஆஃப் உண்டா சார்?" என்று கேட்டிருக்கிறார். வேலை பார்த்த நாளுக்கு ஈடாக இன்னொரு நாள் லீவு உண்டா என்று. ஒரே வரி. அதிலும் மரியாதையாக 'சார்' போட்டிருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது.

அதை வைத்து நம் சீனியர் ஒருவர் எழுதிய பதிவுதான் இப்போது எல்லாக் குழுக்களிலும் சுற்றுகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை கல்லூரிக்காக உழைக்க மனசு வராதவர்கள் எதற்கு ஆசிரியர் வேலைக்கு வருகிறார்கள் என்று கேட்கிறார். அண்ணன் ஞாயிறு பத்தரைக்கு வந்து, டேக் மாட்டி, மரத்தடியில் செல்ஃபி எடுத்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டு நாலு மணி வண்டிக்குக் கிளம்பியவர். சாப்பாடு நன்றாக இருந்ததா அண்ணா? கூப்பன் கிழித்துக் கொடுத்தது யார் என்று நிமிர்ந்து பார்த்தீர்களா?

நான் கேட்பது ஒன்றுதான். விழா வேலையும் வேலைதானே? ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்கினால் காசு கொடுங்கள், இல்லை இன்னொரு நாள் லீவு கொடுங்கள். இதில் எங்கே நன்றிகெட்டத்தனம் வந்தது?

உடனே இன்பாக்ஸுக்கு வந்து லயோலாவா, திருச்சியா, பாளையங்கோட்டையா என்று துருவ வேண்டாம். மூன்றும் இல்லை. எந்தக் கல்லூரி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

வெளியில் இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். எய்டட், அதாவது அரசு உதவி பெறும் பிரிவு ஆசிரியருக்கு அரசு சம்பளம். ஷிஃப்ட் 2 என்கிற சுயநிதிப் பிரிவில் மாணவர் கட்டணத்திலிருந்து நிர்வாகம் பார்த்துக் கொடுப்பது சம்பளம். இரண்டு பேரும் அதே நெட், செட் தகுதித் தேர்வு, அதே முனைவர் பட்டம்தான். கௌரவ விரிவுரையாளருக்கே ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2019லேயே சொல்லிவிட்டது. அந்த எண்ணை ஷிஃப்ட் 2 ஸ்டாஃப் ரூமில் சொன்னால் சிரிப்பார்கள். நானும் அங்கே உட்கார்ந்து சிரித்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

நான் இருந்தபோது எனக்கு எப்போதும் பதிவு மேஜைதான். ஆண்களுக்கு பார்க்கிங், பெண்களுக்குப் பதிவு மேஜையும் கூப்பனும், இது எழுதாத சட்டம். அசைவத்துக்கு ரோஸ் கூப்பன், சைவத்துக்குப் பச்சை, ஒவ்வொன்றிலும் கல்லூரி முத்திரை குத்த வேண்டும், முதல் நாளே குத்தினால் வெளியே போய்விடுமாம், அதனால் காலையில் வந்துதான் குத்த வேண்டும். மத்தியானம் கை பார்த்தால் விரல் நுனியெல்லாம் ஊதா மை, அதோடுதான் சாப்பாடு. சாப்பாடு என்று எழுதிவிட்டேன், கடைசியில் பந்திக்குப் போனால் இருப்பது குஸ்காவும் தயிர்ப் பச்சடியும்தான். டேக்கில் பெயருக்கு ஓர் எழுத்து குறைந்தது என்று 87 பேட்ச் பெரியவர் ஒருவர் என்னை நிற்கவைத்துப் பத்து நிமிஷம் திட்டினார். கூகுள் ஃபார்மில் அப்படி அடித்தவர் அவர்தான். "சாரி சார்" சொன்னது நான். பக்கத்தில் என் தோழி, அவர் இந்து, மார்கழியில் விடியற்காலையில் கோயிலுக்குப் போகாமல் இருக்க மாட்டார், அன்றைக்கு அதை விட்டுவிட்டு ஏழு மணிக்கே வந்து கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், இது எனக்கு ஆறவே இல்லை. அந்த ஞாயிறு எனக்குப் பூசை இல்லை. கத்தோலிக்கக் கல்லூரி, வளாகத்துக்குள்ளேயே கோயில், மணி அடிக்கிறது, பாட்டு கேட்கிறது, நான் வெளியே டேக் கோத்துக்கொண்டிருக்கிறேன். பூசையில் தருகிற நன்மை, அதான் நற்கருணை, வாங்கிவிட்டு ஐந்து நிமிஷத்தில் ஓடிவந்துவிடுகிறேன் என்று கேட்டேன். "விஐபி வருகிற நேரம்மா" என்றார்கள். ஞாயிறு பூசைக்கு வர வேண்டும், அன்றைக்கு வேலையிலிருந்து ஓய்வு எடுக்க வேண்டும் என்பது திருச்சபையின் சட்டம், நான் கண்டுபிடித்ததில்லை.

இந்த வருஷம் யூடியூப் நேரலையில் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம், ஃபாதருக்கு ஊதா உடுப்பு, பீடம் பிரமாதமாக இருந்தது. பிரசங்கத்தில் ஃபாதர், புதிய பாப்பரசர் ஏன் லியோ என்று பெயர் வைத்துக்கொண்டார் என்று விளக்கினார். தொழிற்சாலைகள் பெருகி மனிதர்களைப் பிழிந்த காலத்தில் பதின்மூன்றாம் லியோ 1891இல் தொழிலாளர்களுக்காக எழுதிய சுற்றுமடல், நியாயமான கூலி, சங்கம் சேரும் உரிமை, எல்லாம் சொன்னார். அருமையான பிரசங்கம், கிண்டல் இல்லை, நிஜமாகவே. கேமரா ஒரு தடவை வாசல் பக்கம் திரும்பியது. அங்கே மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் குனிந்து கூப்பனில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் அந்த ஒரு வரி கேட்ட பெண். சம்பளப் பிடித்தம் என்றால் வராமல் என்ன செய்வார்?

சரி, இப்போது வரப்போகிற கேள்விகளுக்கு வருகிறேன்.

"இந்தக் கல்லூரிகள் இல்லையென்றால் நீ படித்திருப்பாயா?" மாட்டேன். என் வீட்டில் முதல் பட்டதாரி நான். தூய வளனார் கல்லூரி 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு வந்தது, லயோலா 1925இலிருந்து இருக்கிறது, இப்படி எத்தனை கல்லூரிகள், எத்தனை லட்சம் வீடுகளில் விளக்கு ஏற்றியிருக்கின்றன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அதற்கும் காம்ப் ஆஃபுக்கும் என்ன சம்பந்தம்? படிக்கவைத்த கடனை ஆயுளுக்கும் கூப்பன் கிழித்துத்தான் அடைக்க வேண்டுமா?

"பிடிக்கவில்லையென்றால் போக வேண்டியதுதானே?" போய்விட்டேன். அடுத்து?

"மற்றவர்கள் கையில் இந்தப் பதிவு கிடைத்தால் நம் நிறுவனங்களை அடிக்க ஆயுதம் ஆகுமே?" இது ஒன்றுதான் கொஞ்சம் நியாயமான கேள்வி, ராத்திரி முழுக்க யோசித்தேன். அடிக்க நினைப்பவன் என் பதிவுக்காகக் காத்திருக்கவில்லை என்று தோன்றியது. எழுதிவிட்டேன்.

"எய்டட்காரர்களும் உழைத்தார்கள்." சிலர் உழைத்தார்கள், ஒருவர் மேடை ஒயரில் கால் இடறிக் கீழே விழுந்தும் நின்று வேலை பார்த்தார், அவருக்கு என் வணக்கம். மற்றவர்கள் எங்கே இருந்தார்கள் என்பது போட்டோவில் இருக்கிறது, பொன்னாடையோடு.

"எல்லாம் சேவைதானே, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்." இதைக் கேட்டால்தான் எனக்கு எங்கேயோ பற்றிக்கொண்டு வருகிறது. என் அப்பா உபதேசியார். ஃபாதர் மாதம் ஒரு தடவை வருகிற கிளைப் பங்கு, மற்ற நாளெல்லாம் மணி அடிப்பது, ஜெபம் சொல்வது, சாவு வீட்டில் நிற்பது அப்பாதான். கொடியேற்றத்திலிருந்து தேர் பவனி வரை பத்து நாள் அவர் வீட்டில் படுத்து நான் பார்த்ததில்லை. அசனத்தில் ஊரே சாப்பிட்டு முடித்ததும் அண்டாவைச் சுரண்டி எங்களுக்கு ஒரு தூக்குவாளியில் கொண்டுவருவார். அவருக்குப் பங்கில் கொடுத்ததைச் சம்பளம் என்று சொல்லக்கூடத் தயங்கினார்கள். அவரும் சேவை என்றுதான் சொல்லிக்கொண்டார், சந்தோஷமாகத்தான் செய்தார். ஆனால் அவர் முழங்கால் வலிக்கு மருந்து வாங்க அம்மா கம்மலை அடகு வைத்தபோது சேவை வந்து மீட்டுக் கொடுக்கவில்லை. அப்பாவோடு அது முடியட்டும் என்றுதான் நான் பி.எச்டி வரை படித்தேன். படித்து எங்கே போய் உட்கார்ந்தேன்? பதிவு மேஜையில்.

சேவை செய்யச் சொல்பவர் எப்போதும் மேடையில் இருக்கிறார், செய்பவர் எப்போதும் வாசலில் இருக்கிறார், இது மட்டும் எப்படி மாறாமல் வருகிறது என்று யாராவது சொல்லுங்கள். மே 1ஆம் தேதியைத் தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாளாக 1955இல் அறிவித்தது பன்னிரண்டாம் பயஸ். அன்றைக்கும் நம் கல்லூரியில் பூசை உண்டு, லட்டு உண்டு. லட்டு வாங்க வரிசையில் நிற்கும்போதுகூட எய்டட் முதலில்.

மறுபடியும் சொல்கிறேன், விழா வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கேரல் பாடுங்கள், குடில் போட்டி வையுங்கள், கேக் வெட்டுங்கள், எங்களுக்கும் அதெல்லாம் பிடிக்கும், நாங்களும் அங்கே படித்தவர்கள்தான். வேலைக்கு வரச் சொன்னால் லீவு கொடுங்கள். அந்தப் பெண்ணைக் குழுவிலிருந்து நீக்கியிருக்கிறார்களாமே, முதலில் திரும்பச் சேருங்கள்.

அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரியில் சமத்துவப் பொங்கல் வருகிறது, பணிப் பட்டியல் இப்போதே போட்டுவிட்டார்களாம். பானை, அடுப்பு, கரும்பு, கோலம், பார்க்கிங் என்று பிரித்து எழுதியிருக்கிறார்களாம். வருஷத்துக்கு ஒரு தடவைதானே, உங்கள் பெயரையும் பார்க்கிங்கில் சேர்க்கச் சொல்லி நானே அலுவலகத்துக்கு போன் செய்யட்டுமா? காலை ஏழரைக்கு. விசில் அவர்களே தருவார்கள்.