வாத்துக்கு விதைத்த குதிரைவாலி

குதிரைவாலிப் பொங்கல் படம் போட்டு இதயக்குறி வாங்கும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. நான் இருக்கும் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் அதன் உடன்பிறப்பை ஏக்கர் கணக்கில் விதைக்கிறார்கள். மனிதர் யாரும் அதை வாயில் வைப்பதில்லை. அத்தனையும் வாத்துக்கு.

கூட வேலை பார்ப்பவர் ஒருவருக்கு ஸ்டட்கார்ட் பக்கம் கொஞ்சம் தாழ்ந்த நிலம் இருக்கிறது. நெல்லும் வாத்து வேட்டையும்தான் அந்த ஊருக்குப் பேர். அவர் 'ஜாப்பனீஸ் மில்லட்' என்று கொண்டுவந்த மூட்டையைப் பிரித்தால் நம்ம குதிரைவாலி ஜாடைதான். ஊரில் அம்மா நெல் வயலில் களையென்று பிடுங்கி வரப்பில் எறிந்த புல்லும் இதே குடும்பம். இதைக் காசு கொடுத்து வாங்கினோம் என்றால் சிரிப்பாள்.

முதல் வருஷம் ஜூனிலேயே விதைத்துவிட்டோம். இது இரண்டே மாதத்தில் விளைந்துவிடும். ஆகஸ்டில் கதிர் முற்றி, மணி உதிர்ந்து, கருங்குருவிக் கூட்டம் வந்து தின்றுவிட்டுப் போனது. வாத்துகள் வடக்கிலிருந்து இறங்கும்போது அங்கே வெறும் தாள். அடுத்த வருஷம் ஜூலைக் கடைசியில் தண்ணீரை வடித்து, சேறு காய்வதற்குள் ஏக்கருக்கு 20 பவுண்டு கைவிதைப்பாக வீசினோம். தண்ணீருக்கடியில் முளைக்காது, முளைத்து வளர்ந்துவிட்டால் கொஞ்சம் தண்ணீர் நின்றாலும் தாங்கும். நவம்பரில் தண்ணீரை உள்ளே விட்டு ஓரடிக்குள் நிறுத்தினால் போதும். மல்லார்ட் வாத்து முங்கித் தேடும் ஜாதியில்லை, தலையைக் கவிழ்த்து வாலைத் தூக்கிக்கொண்டு மேய்வது. ஆழமாகிவிட்டால் அதற்கு எட்டாது.

சரி, இதெல்லாம் சுடுவதற்குத்தானே? ஆமாம். நான் துப்பாக்கி தொடுவதில்லை, பைனாகுலரோடு சரி. ஆரம்பத்தில் எனக்கும் இது சோறு போட்டுக் கழுத்தறுக்கிற வேலையாகத்தான் பட்டது. சட்டத்தைக் கேட்டதும் இன்னும் எரிச்சல். விளைந்த பயிரை நின்ற நிலையில் தண்ணீர் கட்டி, அதன்மேல் வேட்டையாடலாம். அதே பயிரை அறுத்துச் சாய்த்துவிட்டால் அது தானியம் தூவி இழுத்த மாதிரி 'இரை போட்ட இடம்', அங்கே வாத்து சுட்டால் குற்றம். மிச்சமில்லாமல் அள்ளிய பிறகும் 10 நாள் ஆகவேண்டும். புறாவுக்கு மட்டும் அறுத்துப் போடலாம். அதற்கென்றே விதைக்கும் 'பிரௌன்டாப்' என்ற சிறுதானியம் நம் நாட்டிலிருந்து போனது. கர்நாடகத்தில் கொரலே என்று சமைத்துச் சாப்பிடுகிறார்கள். இன்னொரு வேடிக்கை, உதிர்ந்த குதிரைவாலி அடுத்த வருஷம் தானாக முளைத்தால் அது 'இயற்கைத் தாவரம்'. அதை அறுக்கலாம்!

வக்கீல் பேச்சு என்றுதான் நினைத்தேன். இரண்டு பருவம் சேற்றில் நின்றபின் மாற்றிக்கொண்டேன். ஒரு மூட்டைச் சோளத்தைக் கொட்டிவிட்டு ஒளிந்திருப்பவனுக்கு அந்த நிலம் எக்கேடு கெட்டால் என்ன? விதைக்கிறவனுக்கோ கரை வேண்டும், மடை வேண்டும், நாலு மாதம் கண் வேண்டும். அவன் செலவில் ஒரு சதுப்பு நிலம் பிழைத்துக் கிடக்கிறது.

ஆனால் எங்கே பார்த்தாலும் குதிரைவாலி தூவுவதில் எனக்கு உடன்பாடில்லை. தண்ணீரை மெதுவாக வடித்தால் தானே முளைக்கும் புல்லும் கோரையும் போதும். அவற்றின் விதையோடு, தண்ணீர் நின்றபின் பெருகும் புழு பூச்சியும் வாத்துக்குக் கிடைக்கும். வெறும் தானியத்தில் அந்தச் சத்து இல்லை. ஒன்றும் முளைக்காத மொட்டைச் சேற்றுக்கு மட்டும் குதிரைவாலி என்கிறேன். நிலத்துக்காரர் கேட்கமாட்டார். கதிர் தலைசாய்ந்து நிற்பதைப் பார்ப்பதே அவருக்குப் பாதி சந்தோஷம்.

1934 முதல் அமெரிக்காவில் வாத்து வேட்டைக்காரர்கள் 'டக் ஸ்டாம்ப்' என்ற அரசு வில்லையை வாங்கியாக வேண்டும். இப்போது 25 டாலர், பெரும்பகுதி சதுப்பு நிலம் வாங்கப் போகிறது. சுடாத நானும் வருஷா வருஷம் வாங்குகிறேன்.

நாங்கள் சண்டை போட்டு முடிவானது ஒன்றுதான்: ஜனவரிக் கடைசியில் வேட்டை முடிந்ததும் மடையைத் திறந்து தண்ணீரை வடிக்கக் கூடாது. போன பிப்ரவரியில் ஒரு காலை போயிருந்தேன். கரையில் ஆளில்லை. மிச்சக் கதிர்களுக்கு நடுவே நூறு வால்களாவது மேலே தூக்கியிருந்தன.