பின்னட்டையில் இல்லாத ஒரு வரி

என்னைக் குத்திக்காட்டி வந்த அந்தப் பதிவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆளாளுக்கு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இன்பாக்ஸில் போட்டு "உங்களைத்தான் சொல்றாங்க" என்ற பிறகு சும்மா இருக்க முடியவில்லை. என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும். தான் வாசித்த புத்தகங்களை வரிசைப்படுத்தி "இந்த மாத வாசிப்பு" என்று ஒருவர் போட்டிருந்த நீளமான பட்டியலின் கீழே, அதிலிருந்த டால்ஸ்டாய் குறுநாவலைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "'இவான் இலியிச்சின் மரணம்' முதல் அத்தியாயம் எப்படி இருந்தது?" அவ்வளவுதான். பொறாமை பிடித்த ஆள், வாசிப்பு போலீஸ், இலக்கியத் தாசில்தார் என்று வரிசையாகப் பட்டங்கள் வந்தன. கடைசிப் பட்டம் நன்றாகவே இருக்கிறது, வைத்துக்கொள்கிறேன்.

பட்டியலில் அந்தப் புத்தகத்துக்கு எழுதியிருந்த வரி: "வாழ்வின் நிலையாமையை உணர்த்தும் உருக்கமான படைப்பு, அவசியம் வாசியுங்கள்." மரணம் என்று தலைப்பிலேயே இருக்கும்போது நிலையாமையை உணர்த்தாமல் என்ன செய்யும்? இந்த வரியை வெட்டி வேறு நூறு புத்தகங்களுக்குக் கீழே ஒட்டலாம், எல்லாவற்றுக்கும் பொருந்தும். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பின்னட்டையில் இல்லாத ஒன்றைச் சொல்லுங்கள். உள்ளே போய் வந்தவர் மட்டுமே சொல்லக்கூடிய ஏதாவது ஒன்று.

அந்த முதல் அத்தியாயத்தை ஏன் கேட்டேன் தெரியுமா? 1886இல் வந்த அந்தக் குறுநாவலில் நாயகன் செத்துப்போன செய்தியோடுதான் கதையே தொடங்குகிறது. நீதிமன்றத்தில் விசாரணை இடைவேளை. சக அதிகாரி ஒருவர் பேப்பரில் இரங்கல் அறிவிப்பைப் பார்த்துச் சொல்கிறார். அறையில் இருக்கும் ஒவ்வொருவர் மனத்திலும் முதலில் ஓடுவது, அந்த இடம் காலியானால் யாருக்குப் பதவி உயர்வு என்பதுதான். துக்கம் விசாரிக்கப் போன நண்பர் உட்காரும் மெத்தை இருக்கையின் ஸ்பிரிங் கெட்டுப்போயிருக்கிறது. அவர் எழுந்தால் அது துள்ளுகிறது, உட்கார்ந்தால் முரண்டு பிடிக்கிறது. விதவையின் கறுப்புச் சால்வை மேசை விளிம்பில் சிக்கிக்கொள்கிறது. அந்த விதவை கண்ணீரோடு விசாரிப்பதோ, அரசாங்கத்திடமிருந்து இன்னும் கொஞ்சம் பணம் வாங்க வழியுண்டா என்று. உருக்கமா இது? எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்ததற்குக் கூச்சமும் வந்தது. அந்தக் கூச்சத்தை வரவழைக்கத்தான் டால்ஸ்டாய் பிணத்தை முன்னால் வைத்துவிட்டுப் பிறகு வாழ்க்கைக்குப் போகிறார். மொத்தம் பன்னிரண்டு அத்தியாயம். முதலில் வருஷங்கள் பக்கத்துக்குப் பக்கம் பறக்கின்றன, பிறகு மாதங்கள், பிறகு நாட்கள், கடைசியில் மூன்று நாள் ஓயாத அலறல். காலம் இறுகிக்கொண்டே வருவதைக் கவனித்தவர் ஒரு வாக்கியம் எழுதியிருந்தாலும் போதும், நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

"அதைச் சொன்னால் ஸ்பாய்லர் ஆகிவிடும்" என்று ஒரு நண்பர் வாதாடினார். ஐயா, நாயகன் சாகிறான் என்பதை அட்டையிலேயே போட்டிருக்கிறார்கள். துப்பறியும் கதையில் கொலையாளி யார் என்று சொல்லக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேஸின் 1981ஆம் ஆண்டுக் கொலைக் கதையான 'க்ரானிக்கிள் ஆஃப் எ டெத் ஃபோர்டோல்டி'ல் யாரைக் கொல்லப்போகிறார்கள் என்பது முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. ஊருக்கே தெரிந்தும் அது எப்படி நடந்தது என்பதில்தான் அந்த நாவல் நிற்கிறது. கதைச் சுருக்கம் சொன்னால் கெட்டுவிடும் புத்தகங்கள் உண்டு, பெரும்பாலானவை அப்படியில்லை. அதோடு, ஸ்பாய்லருக்குப் பயப்படுகிறவர்கள்தான் முழுக் கதையையும் ஏழு பத்தியில் எழுதிவிட்டு, கடைசியில் "முடிவை நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். கதையை விடுங்கள். யார் சொல்கிறார், அவருக்கு எவ்வளவு தெரியும், எதை மறைக்கிறார், எந்த இடத்தில் வேகம் தளர்ந்தது? இதைச் சொன்னால் எந்தப் புத்தகமும் கெட்டுப்போகாது.

அபுனைவுக்கு, அதாவது கதையல்லாத நூல்களுக்கு வந்தால் என் எரிச்சல் இன்னும் கூடும். அதே பட்டியலில் உளவியலாளர் டேனியல் கானமனின் 'திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ'. "மனம் இயங்கும் விதத்தை அறிவியல்பூர்வமாக நிரூபிக்கும் நூல்" என்று சான்றிதழ். 2011இல் வந்த புத்தகம். அதன் நான்காம் அத்தியாயத்தில் ஒரு சோதனை வருகிறது: முதுமையை நினைவூட்டும் சொற்களைக் கொடுத்து வாக்கியம் அமைக்கச் சொன்னால், மாணவர்கள் வெளியே போகும்போது மெதுவாக நடக்கிறார்களாம். இந்த வகை முடிவுகளை நம்புவதைத் தவிர உங்களுக்கு வேறு வழியில்லை என்கிற தொனியில் எழுதுகிறார். மூல ஆய்வு 1996. 2012இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அகச்சிவப்பு உணரி வைத்து நடையை அளந்து பார்த்தார்கள், வேறுபாட்டைக் காணோம். சோதனை நடத்துகிறவர்களிடமே "இவர்கள் மெதுவாக நடப்பார்கள்" என்று முன்கூட்டிச் சொல்லிவைத்தபோதுதான் மெதுவான நடை தென்பட்டது! குறைந்த பேரை வைத்துச் செய்த ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாக 2017இல் கானமனே பொதுவெளியில் ஒப்புக்கொண்டார். நோபல் வாங்கியவருக்கு இருந்த அந்தத் தயக்கம், அவரைச் சிபாரிசு செய்கிறவருக்குக் கொஞ்சமும் இல்லை. புத்தகம் மோசம் என்று நான் சொல்லவில்லை. இழப்புக்கு நாம் அஞ்சுவதைப் பற்றிய பகுதிகளை இன்றும் தயங்காமல் பரிந்துரைப்பேன். எந்த அத்தியாயத்தைத் தயங்கி வாசிக்க வேண்டும் என்று சொல்வதற்குத்தானே நம்மைப் போன்ற வாசகர்கள்?

"எல்லோரும் ஆராய்ச்சி செய்ய முடியுமா?" முடியாது, வேண்டவும் வேண்டாம். பத்து நிமிஷ வேலை இது. முதலில் பதிப்புரிமைப் பக்கத்தில் முதற்பதிப்பு ஆண்டைப் பாருங்கள். மருத்துவம், உணவு, உளவியல் என்றால் அந்த ஆண்டு முக்கியம், கையில் இருப்பது மறுஅச்சா திருத்திய பதிப்பா என்பது அதைவிட முக்கியம். அடுத்து, உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த விஷயம் எந்த அத்தியாயத்தில் வருகிறதோ அதை முதலில் வாசியுங்கள். அங்கேயே ஓட்டை தெரிந்தால் தெரியாத அத்தியாயங்களை எவ்வளவு நம்பலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பிறகு, உங்களை "அட!" போடவைத்த ஒரே ஒரு தகவலை எடுத்துப் பின்குறிப்புக்குப் போங்கள். அங்கே இருப்பது ஆய்வா, பத்திரிகைச் செய்தியா, இன்னொரு வெகுஜனப் புத்தகமா? ஆய்வு என்றால் எத்தனை பேரை வைத்து? "ஆய்வுகள் சொல்கின்றன" என்று எழுதிவிட்டுப் பின்குறிப்பே இல்லையென்றால், அதையே உங்கள் பதிவில் எழுதுங்கள். பின்னட்டையில் இல்லாத ஒன்று கிடைத்துவிட்டது.

குறிப்பெடுப்பதிலும் கோட்டை விடுகிறார்கள். ஹைலைட்டரைக் கையில் எடுத்தால் அரைப் புத்தகம் மஞ்சளாகிவிடும், எது முக்கியம் என்று பிறகு யாருக்கும் தெரியாது. பென்சிலால் ஓரத்தில் சின்னக் கோடு, கடைசி வெற்றுத்தாளில் பக்க எண், பக்கத்தில் இரண்டு சொல், போதும். கிண்டிலில் வாசித்தால் கோடு போட்ட இடத்தில் ஏன் போட்டோம் என்று குறிப்பும் சேர்க்க வேண்டும். முடித்த அன்றே பதிவு போடாமல் ஒரு வாரம் விட்டு, புத்தகத்தைத் திறக்காமல் எழுதிப் பாருங்கள். நினைவில் நின்றது எது, நாமே கற்பனையாகச் சேர்த்தது எது என்று திறந்து சரிபார்க்கும்போது பிடிபடும். ஒலிப்புத்தகத்தை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டு வருகிறவர்களுக்கு ரஷ்ய நாவலில் யார் யாருக்கு என்ன உறவு என்றே தெரிவதில்லை. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

"நேரம் இல்லை" என்பார்கள். பட்டியலைக் குறையுங்கள், நேரம் வரும். "வாசிக்கவாவது செய்கிறார்களே, ஊக்கப்படுத்தக் கூடாதா?" இதுதான் என்னை உண்மையிலேயே வருத்தப்படவைத்த கேள்வி. ஊக்கப்படுத்தாமல்தான் இத்தனை வருஷமாகக் கேட்பவர்களுக்கெல்லாம் எந்தப் பதிப்பு, எந்த மொழிபெயர்ப்பு என்று உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருக்கிறேனா? ஒரு கேள்வி கேட்டதற்கே ஊக்கம் செத்துவிடும் என்றால் அந்த ஊக்கம் புத்தகத்தின் மேல் இருந்ததா, லைக்கின் மேலா? சரி, கோபத்தில் எழுதுகிறேன். ஆனாலும் அழிக்க மாட்டேன்.

'பொன்னியின் செல்வ'னுக்கு "சோழர் வரலாற்றை அறிய" என்று எழுதியதைக்கூட நான் தொடவில்லை. 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்த நாவல் அது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு கொக்கி தொங்குவது அதனால்தான். நாவலில் சதிகாரனாக வரும் ரவிதாசன் பெயர் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்து பறிமுதல் பற்றிய ஆவணம் அது. ஏன் கொன்றார்கள் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. கதையில் அந்தச் சதிக்கு நடுவில் நிற்கும் நந்தினியும் இல்லை. அந்த இடைவெளியை கல்கி எப்படி நிரப்பினார் என்பதுதானே ரசிக்க வேண்டியது!

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் மொழிபெயர்ப்புகள், ஒன்றுக்குக்கூட மொழிபெயர்த்தவர் பெயர் இல்லை. 'வெண்ணிற இரவுகள்' படித்து அழுதோம் என்கிறோமே, அந்தத் தமிழ் ரா. கிருஷ்ணையாவுடையது. 'அன்னா கரேனினா' நா. தர்மராஜன். 'யயாதி'யை மராத்தியில் எத்தனை பேர் படித்தோம்? நாம் உருகியது கா.ஸ்ரீ.ஸ்ரீ.யின் வாக்கியங்களில். "நடை அருமை" என்று எழுதுகிறவருக்கு யாருடைய நடை என்று கேட்கத் தோன்றவே இல்லையா? நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒருவர் சொல் சொல்லாகத் தூக்கிவந்து கொடுத்திருக்கிறார், அவர் பெயருக்கு அரை வரி கிடையாது. அடுத்த பட்டியலில் அதையாவது சேருங்கள். இடம் போதவில்லை என்றால் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்திருக்கும் அந்தக் காப்பிக் கோப்பையை எடுத்துவிடலாம்.