கருத்து சொல்லுங்கள், கட்டளை போடாதீர்கள்

ஒரு தயாரிப்பு நிறுவனத்திலிருந்து புதுசாக எதுவும் வரவில்லை என்றால், எல்லோரும் எழுத்தாளர்களைத்தான் கை காட்டுகிறார்கள். "யாருமே புதுசா யோசிக்க மாட்டேங்கறாங்க." இந்தத் துறையிலேயே வேலை பார்ப்பவன் என்பதால், இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. யோசனைக்கு எங்கேயும் பஞ்சமில்லை. அது திரைக்கு வந்து சேர்வதற்குள் அதை நாம் என்ன பாடு படுத்துகிறோம் என்பதைத்தான் பேச வேண்டும்.

எடிட் அறையைப் பாருங்கள். ஒரு எபிசோடின் முதல் கட், அதாவது முதல் எடிட் வடிவம், அனுப்பியாகிவிட்டது. எல்லோருடைய திருத்தங்களும் ஒரே ஃபைலாக வருகின்றன. தொடரை வெளியிடும் ஓடிடி தளத்திலிருந்து ஒருவர், "அம்மா கேரக்டர் இன்னும் பாசமாக இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறார். அதற்கு அடுத்த வரியிலேயே நிர்வாகத் தயாரிப்பாளர், "அம்மா வரும் சீன்களைக் குறைத்துவிடுங்கள்" என்கிறார். இருவருமே பணத்துக்குக் கையெழுத்துப் போடுபவர்கள். இயக்குநர் என்ன செய்வார்? இரண்டு பேர் மனசும் கோணாத மாதிரி ஏதோ ஒன்றைச் செய்வார். அம்மா ஒரு சீனில் கூடுதலாகச் சிரிப்பார், இன்னொரு சீனில் காணாமல் போவார். யாருக்கும் ஆட்சேபணை இல்லை, யாருக்கும் பிடிக்கவுமில்லை என்ற நிலையில் அந்த எபிசோடு இறுதி செய்யப்படும்.

திருத்தம் எழுதியவர்களில் நல்ல ரசனை உள்ளவர்கள் நிறையப் பேர். அவர்கள் சொல்வதில் பாதி சரியாகவும் இருக்கும். ஆனால் மேலிடத்திலிருந்து வரும்போது அது உத்தரவாகிவிடுகிறது. அதோடு யாரும் வாதாடுவதில்லை.

அமெரிக்க அனிமேஷன் பட நிறுவனமான பிக்ஸார் இதற்கு ஒரு வழி கண்டது. அங்கே 'பிரெயின்டிரஸ்ட்' என்றொரு கூட்டம் உண்டு. உருவாகிக்கொண்டிருக்கும் படத்தைச் சக இயக்குநர்களும் கதாசிரியர்களும் பார்த்துவிட்டு, எங்கே இடறுகிறது, எது நம்பும்படியாக இல்லை என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்வார்கள். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு எந்த அதிகாரமும் கிடையாது. சொன்னதை ஏற்பதும் விடுவதும் இயக்குநர் பாடு. அதிகாரம் இல்லாததால்தான் அங்கே உண்மையைப் பேச முடிகிறது, கேட்பவரும் தற்காப்புக்குப் போகாமல் கேட்கிறார். இதைத் தொடங்கப் பத்துக் காசு செலவில்லை. பதவியில் இருப்பவர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும், அதுதான் நடப்பதில்லை.

அதற்குப் பதிலாக என்ன நடக்கிறது? எல்லோரையும் ஒரு அறையில் உட்காரவைத்து 'பிரெயின்ஸ்டார்மிங்' செய்யச் சொல்கிறார்கள். விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்போர்ன் 1950-களில் பிரபலப்படுத்திய முறை அது. 1958-லேயே யேல் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்துவிட்டார்கள். நான்கு பேர் தனித்தனியாக யோசித்ததைச் சேர்த்துப் பார்த்தால், கூடி யோசித்த நான்கு பேரைவிட அதிக யோசனைகள் கிடைத்தன. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பதே பெரிய தடை என்று 1987-ல் இன்னொரு ஆய்வும் காட்டியது. ஆக, முதலில் தனியாக எழுதவிடுங்கள், பிறகு கூடிப் பேசலாம்.

பிக்ஸாரைப் புகழ்ந்துவிட்டு இதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. 1999-ல் வந்த 'டாய் ஸ்டோரி 2' படத்தைப் பாதி வழியில் தூக்கிப்போட்டுவிட்டு, சுமார் ஒன்பதே மாதத்தில் புதிதாகச் செய்தார்கள். படம் பெரிய வெற்றி. ஆனால் ஓயாத வேலையில் பலருக்குக் கையும் மணிக்கட்டும் போயின. களைத்துப்போன ஓர் ஊழியர், காப்பகத்தில் விட வேண்டிய கைக்குழந்தையை மறந்துபோய், அலுவலக வாகன நிறுத்தத்தில் காரிலேயே விட்டுவிட்டு வேலைக்கு வந்துவிட்டார். நினைவு வந்து ஓடியபோது குழந்தை மயங்கிக் கிடந்தது. நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டது. பிக்ஸாரைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல் இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். "நெருக்கடியில்தான் நல்ல வேலை வரும்" என்று பெருமையாகச் சொல்லும் தயாரிப்பாளர்கள், அந்தப் படத்தின் வசூலோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இன்னொன்று, அடுத்த தலைமுறை. ஹாலிவுட்டில் 2023-ல் எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே, சம்பளம் மட்டுமா காரணம்? 'மினி ரூம்' என்ற பெயரில் சில எழுத்தாளர்களைச் சில வாரம் மட்டும் வைத்துக் கதையை வாங்கிக்கொண்டு, படப்பிடிப்பு தொடங்குவதற்கு முன்பே அனுப்பிவிடும் பழக்கமும் ஒரு முக்கியக் காரணம். தான் எழுதிய வசனம் நடிகர் வாயில் எப்படி மாறுகிறது, எடிட்டில் எந்த வரி தேவையில்லாமல் போகிறது என்பதைப் பார்க்கவே வாய்ப்பில்லாதவர், நாளைக்கு ஒரு தொடரைத் தலைமையேற்று நடத்துவது எப்படி? ஒரு தொடருக்குக் குறைந்தபட்சம் இத்தனை எழுத்தாளர்கள், படப்பிடிப்பின்போதும் எழுத்தாளர்கள் வேலையில் இருக்க வேண்டும் என்பவற்றை அவர்கள் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். சங்க பலம் இல்லாத இடங்களில் இதைக் கேட்க ஆளில்லை. அங்கே நிறுவனங்கள் தாங்களாகவே செய்ய வேண்டும். ஒரு இளம் எழுத்தாளரைப் படப்பிடிப்பு முடியும்வரை சம்பளத்தில் வைத்துக்கொண்டு எடிட் அறையிலும் உட்காரவைக்க ஆகும் செலவு, ஒரு நாள் படப்பிடிப்பு வீணானால் போகும் பணத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.