தென்னந்தோப்பும் காடாம்!

“இந்தியாவில் காடு கூடிவிட்டது, இனி யாரும் புலம்ப வேண்டாம்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி எங்கள் விவசாயிகள் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அங்கேயே பதில் போட்டால் கட்சிச் சண்டையில் போய் முடியும். அதனால் இங்கே.

அந்தக் கணக்கு பொய் இல்லை. இந்திய வன அளவை நிறுவனத்தின் 2023 அறிக்கை, நாட்டின் பரப்பில் 25.17 சதவீதம் காடும் மரங்களும் என்றுதான் சொல்கிறது. ஆனால் எதைக் காடு என்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடம், அதில் பத்தில் ஒரு பங்காவது மரங்களின் தழை மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். யார் நிலம், என்ன மரம் என்று கேட்பதில்லை. அந்தக் கணக்குப்படி பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்பெல்லாம் காடு! 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வந்து அந்தத் தோப்புகளை முறித்துப் போட்டதே, அப்போது யாராவது “காடு அழிந்துவிட்டது” என்று அழுதோமா? தோப்பு போச்சு, பிழைப்பு போச்சு என்றுதான் அழுதோம். நமக்கே தெரிந்த வித்தியாசம் கணக்கெழுதுகிறவர்களுக்குத் தெரியவில்லை.

உலகக் கணக்கும் கிட்டத்தட்ட இந்த ரகம்தான். நல்லதை மறைக்க வேண்டாம்: 1990-களில் ஆண்டுக்கு 1 கோடியே 76 லட்சம் ஹெக்டேர் காடு அழிந்தது, 2015-25 பத்தாண்டில் அது 1 கோடியே 9 லட்சமாகக் குறைந்திருக்கிறது என்கிறது ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம். குறைந்த பிறகும், தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் சிறிய நிலம் வருடா வருடம் மொட்டையாகிறது. இன்னொரு பக்கம் மரம் நட்டும், தானாக முளைத்தும் வருவதைக் கழித்துவிட்டு ‘நிகர இழப்பு’ 41 லட்சம்தான் என்பார்கள். கழித்தல் சரி. ஆனால் போர்னியோவில் போன பழங்காட்டுக்கு ஈடாக வேறெங்கோ வரிசை பிடித்து நட்ட தைலமரம் எப்படி ஆகும்? 2024-இல் மட்டும் வெப்பமண்டலத்தின் கன்னிக்காடுகளில் 67 லட்சம் ஹெக்டேர் போய்விட்டது, அதில் கிட்டத்தட்டப் பாதி தீயால்.

போர்னியோ தீவின் பழங்காடு பெரிதும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்காகத்தான் போனது. அது நமக்கு எதற்கு என்கிறவர்கள் ரேஷன் கடையில் 25 ரூபாய்க்கு வாங்கும் பாமாயில் பாக்கெட்டை ஒரு தடவை திருப்பிப் பார்க்கலாம். உலகத்திலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்வது நாம்தான். வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டு வடையும் அதில்தான் வேகிறது.

நம் காட்டுக்கு வருவோம். காவிரி டெல்டாவில் காடே இல்லையே என்று சிரிப்பீர்கள். காட்டை அழித்து நாடாக்கினான், குளம் வெட்டினான் என்று கரிகாலனைப் புலவர் பாடிவிட்டுப் போன மண் இது. காடழித்த பெருமையில் வந்தவர்கள் அடுத்தவனுக்கு உபதேசம் செய்ய வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கீழே அழித்தாலும் மேலே மலை மூடிக் கிடந்ததால்தான் இத்தனை நூற்றாண்டு நாம் நெல் விளைவித்தோம். குடகின் காடுகளும் நீலகிரியின் சோலைகளும் ஆடி மழையை வாங்கி, வேரிலும் மட்கிலும் வைத்திருந்து, தை மாசி வரைக்கும் ஊற்றாகக் கசிய விடும். தைலமரமும் கட்டடமும் அந்த வேலையைச் செய்யாது. பெய்த மழை செம்மண்ணையும் வாரிக்கொண்டு ஒரே மூச்சில் இறங்கிவிடும்.

2018 ஆகஸ்டை நினைத்துப் பாருங்கள். குடகில் மலைச்சரிவு, மேட்டூர் நிரம்பி வழிகிறது, 22-ஆம் தேதி முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகு அடித்துக்கொண்டு போகிறது. அதே நேரத்தில் கடைமடையில் தண்ணீர் வரவில்லை என்று மறியல். தூர்வாராதது, ஷட்டர் பழுது, நிர்வாகம், எல்லாமும் அதில் உண்டு. அந்த மழைக்கு எந்தக் காடும் முழுசாக ஈடுகொடுத்திருக்காது என்பதும் உண்மை. ஆனால் வருடம் முழுக்க வரவேண்டிய ஆறு மூன்று வாரத்தில் ஓடித் தீர்வதற்கு மலையிலும் காரணம் இருக்கிறது. இதோடு, தென்மேற்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்கும் மழையில் கணிசமான பங்கு மேற்கு மலைக்காடுகள் மூச்சாக விடும் ஈரம்தான் என்று ஐஐடி பம்பாய் ஆய்வாளர்கள் அதே 2018-இல் எழுதினார்கள். காவிரி நடுவர் மன்றத்தில், உச்ச நீதிமன்றத்தில், ஆணையத்தில் எத்தனை டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) என்று பேசினோம். அந்த டி.எம்.சி. எந்த மரத்தடியிலிருந்து வருகிறது என்று ஒரு நாளாவது பேசினோமா?

இன்னொரு காடு நம் காலடியிலேயே இருக்கிறது, கடலோரச் சேற்றில் வளரும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. அதற்கு உப்புநீர் மட்டும் போதாது, ஆற்று நன்னீரும் வண்டலும் வந்து கலக்க வேண்டும். நன்னீர் குறையக் குறைய உப்பு ஏறி, பலவகை மரம் இருக்க வேண்டிய இடத்தில் வெண்கண்டல் என்ற ஒரு வகையே மிஞ்சுகிறது, அதுவும் குட்டையாக. 2004 சுனாமியில் பிச்சாவரம் அலையாத்திக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது ஞாபகம் இருக்கும். இறாலும் மீனும் குஞ்சு வளர்ப்பதும் அந்த வேரடியில்தான்.

அதனால்தான் “காவிரித் தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது” என்று மேடையில் யார் முழங்கினாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. காவிரியின் 740 டி.எம்.சி.யில் சுற்றுச்சூழலுக்கென்று நடுவர் மன்றத் தீர்ப்பில் ஒதுக்கியது வெறும் 10. வெள்ளத்தில் கொள்ளிடம் வழியாக ஓடுவதைத் தேக்க வழி கேளுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் கோரையாறும் பாமணியாறும் முத்துப்பேட்டைக் காயலுக்குக் கொண்டுபோகும் தண்ணீரை வீண் என்று சொல்லாதீர்கள். அடுத்த குறைதீர் கூட்டத்தில் அலையாத்திக்கு எவ்வளவு நன்னீர் போகிறது, யார் அளக்கிறார்கள் என்று கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறேன். கையெழுத்துப் போட வருகிறவர்கள் சொல்லுங்கள். குறுவை அறுவடை முடிந்த பிறகுதான் என்றால் அதுவும் சரி.