ஃபோட்டோவுல இருந்த ரெண்டு கறை

பொங்கல் லீவுல ஜவ்வாது மலைப் பக்கம் போயிருந்தப்ப எடுத்த ஆண்ட்ரோமெடா கேலக்ஸி ஃபோட்டோ ஒண்ணு, கொஞ்சம் நல்லாவே வந்திருந்துச்சு, பெருசா பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டலாம்னு ஒரு ஸ்டூடியோவுல குடுத்தேன். மூணு நாள் கழிச்சுப் போனா கடைக்கார அண்ணன் ரொம்ப பெருமையா பிரிச்சு காட்டுறாரு. பிரிண்ட் அருமை, கருப்பு நல்ல கருப்பு. ஆனா ஏதோ இடிக்குது. என்னன்னு பிடிபட ஒரு நிமிஷம் ஆச்சு. "ரெண்டு எடத்துல கறை மாதிரி இருந்துச்சு தம்பி, லென்ஸ்ல தூசி போல, நானே டச்சப் பண்ணி எடுத்துட்டேன், அதுக்கு தனியா காசு வேணாம்"ன்னாரு.

கல்யாண ஆல்பத்துல மாப்பிள்ள மூஞ்சில இருக்கற பருவ எடுக்கற அதே பிரஷ்ல அவரு எடுத்துவிட்ட அந்த ரெண்டுக்கும் பேரு எம்32, எம்110. ஒண்ணொண்ணும் ஒரு முழு கேலக்ஸி, ஒவ்வொண்ணுலயும் நூறு கோடிக்கு மேல நட்சத்திரம். ஆண்ட்ரோமெடாவ சுத்தி வர்ற குட்டிங்க.

சத்தியமா அவரு மேல கோவம் வரல. ஏன்னா நாம எல்லாரும் அதத்தான் பண்ணிட்டு இருக்கோம். டைம்லைன்ல ஆண்ட்ரோமெடா படம் எப்ப வந்தாலும் பாருங்க, 25 லட்சம் ஒளி ஆண்டு தூரம், 450 கோடி வருஷத்துல நம்ம பால்வெளி மேல மோதப் போகுது, ஐயோன்னு ஒரு எமோஜி, முடிஞ்சுது. அந்த ஃபோட்டோவுலயே பெருசுக்கு பக்கத்துல ஒட்டுன மாதிரி ஒரு உருண்டையும் இன்னொரு பக்கம் நீளமா ஒரு பூசுன மாதிரி வெளிச்சமும் இருக்குமே, அது என்னன்னு ஒருத்தரும் கேட்டு நான் பாத்ததில்ல. என் கட்சி என்னன்னா, பெரிய கேலக்ஸியோட கதையில பாதி அந்த ரெண்டு கறை மாதிரி குட்டிங்ககிட்டதான் இருக்கு.

மொதல்ல அந்த மோதல் மேட்டரையே எடுத்துக்கோங்க. 2025ல வந்த ஒரு ஆய்வு, கையியா, ஹபிள் தொலைநோக்கிகளோட அளவுகள வச்சு திரும்ப கணக்கு போட்டுச்சு, அடுத்த ஆயிரம் கோடி வருஷத்துல ரெண்டும் ஒண்ணா சேர ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான் வாய்ப்புன்னு வந்துச்சு. கணக்கு மாறுனதுல பெரிய பங்கு யாருக்கு? நம்ம பால்வெளிய சுத்தற பெரிய மெகல்லன் மேகம்னு ஒரு துணை கேலக்ஸி இருக்கு, அதோட இழுப்ப கணக்குல சேத்தா மோதல் வாய்ப்பு கொறையுது. ஆண்ட்ரோமெடா பக்கத்துல இருக்கற எம்33ங்கற கேலக்ஸிய சேத்தா கூடுது. பெருசுங்க ரெண்டும் முட்டுமா முட்டாதாங்கற பஞ்சாயத்துல சின்னதுங்களுக்கும் ஓட்டு இருக்குங்க.

இப்ப எம்32க்கு வர்றேன். எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான். 1749ல லெ ஜான்டில்னு ஒரு பிரெஞ்சுக்காரர் கண்டுபிடிச்சது. இதுல என்ன விசேஷம்னா சைஸ் சின்னது, ஆனா நட்சத்திரங்க நெரிசல்னா அப்படி ஒரு நெரிசல், நடுவுல சூரியன மாதிரி பல லட்சம் மடங்கு எடையில ஒரு கருந்துளை வேற. இவ்ளோ சின்ன கேலக்ஸி எப்படி இவ்ளோ கெட்டியா இருக்குன்னு ரொம்ப நாளா மண்டைய ஒடச்சுக்கிட்டாங்க. 2018ல ரிச்சர்ட் டிசோசா (நம்ம கோவா ஏசுசபை சாமியார்தான்), எரிக் பெல் ரெண்டு பேரும் ஒரு யோசனை சொன்னாங்க. ஆண்ட்ரோமெடாவோட வெளி வட்டத்துல சிதறிக் கெடக்கற நட்சத்திரங்கள வச்சுப் பாத்தா அது சுமார் 200 கோடி வருஷத்துக்கு முன்னாடி ஒரு பெரிய கேலக்ஸிய முழுங்கியிருக்கணும், அப்படி முழுங்குனதுல மிச்சம்தான் எம்32ன்னு. சதையெல்லாம் சப்பிட்டு கீழ போட்ட மாங்கொட்டை மாதிரி. அது சரின்னா, அந்த மாம்பழம் ஒரு காலத்துல நம்ம ஏரியாவுலயே, அதாவது ஆண்ட்ரோமெடா, பால்வெளிக்கு அடுத்து, மூணாவது பெரிய கேலக்ஸி. எல்லாரும் இத ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா இப்ப அந்த உருண்டைய டெலஸ்கோப்புல பாக்கறப்பல்லாம் எனக்கு கொட்டைதான் ஞாபகம் வருது.

எம்110 கதை வேற மாதிரி. சார்ல் மெஸ்ஸியேங்கற பிரெஞ்சு வானியலாளர் 1773லயே அத பாத்துட்டாரு, ஆனா வானத்துல மங்கலா தெரியறதுக்கெல்லாம் எம்1, எம்2ன்னு நம்பர் போட்ட அவரோட பேர் போன லிஸ்ட்ல போடவே இல்ல. கரோலின் ஹெர்ஷல்னு ஒரு வானியலாளர் 1783ல தனியா கண்டுபிடிச்சாங்க. அந்த லிஸ்ட்ல அதுக்கு நம்பர் கெடச்சது 1967லதான்! மெஸ்ஸியேவே விட்டுட்டாரு, ஸ்டூடியோ அண்ணன் எம்மாத்திரம்.

இன்னொரு ஆளையும் சொல்லணும், வால்டர் பாடே. ரெண்டாம் உலகப் போர் சமயம், அமெரிக்காவுல வேல பாத்த ஜெர்மன்காரர், எதிரி நாட்டுக்காரர்னு முத்திரை குத்துனதால போர் வேலைக்கு யாரும் கூப்பிடல, மத்தவங்கல்லாம் அதுக்குப் போயிட்டாங்க. மவுண்ட் வில்சன்ல 100 இஞ்ச் டெலஸ்கோப் அவரு கையில, கீழ லாஸ் ஏஞ்சல்ஸ் ஊரே போருக்காக லைட்ட அணைச்சு இருட்டா கெடக்கு. சிவப்பு வெளிச்சத்த புடிக்கற பிளேட் போட்டு ஆண்ட்ரோமெடாவோட நடுப்பகுதியையும் இந்த ரெண்டு குட்டியையும் தனித்தனி நட்சத்திரமா பிரிச்சுப் பாத்துட்டாரு, 1944ல வெளியிட்டாரு. நட்சத்திரங்கள்ல ரெண்டு வகை இருக்குன்னு புரிஞ்சது அங்கதான், அந்த நூல புடிச்சுப் போய்த்தான் 1952ல ஆண்ட்ரோமெடா நெனச்சத விட ரெண்டு மடங்கு தூரம்னு அவரே சொன்னாரு.

சரி, இது ரெண்டுதானான்னா இல்ல, இப்ப கணக்குல முப்பதுக்கு மேல இருக்கு. பேரு வைக்கவும் ஆள் சலிச்சுப் போச்சு போல, ஆண்ட்ரோமெடா 1, 2, 3ன்னு வீட்டு நம்பர் மாதிரி போய்ட்டே இருக்கு. 2025ல அறிவிச்ச 35ஆவது நம்பர்ல நட்சத்திர எடை மொத்தமே சுமார் 20,000 சூரியன் அளவுதான். 2022ல பெகாசஸ் 5ன்னு ஒண்ண கண்டுபிடிச்சது ஜியுசெப்பே டோனாட்டியெல்லோன்னு ஒரு இத்தாலிக்காரர், அமெச்சூர், பொதுவுல போட்டு வச்ச வானப் படங்கள கண்ணாலயே தேடித் தேடி புடிச்சாரு. நம்ம ஆளுங்க ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ரீல்ஸ் தேய்க்கற நேரத்துல.

இந்தக் குட்டிங்க சுத்தற விதம்தான் பெரிய தலைவலி. கம்ப்யூட்டர் சிமுலேஷன்ல பாத்தா பலாப்பழத்த மொய்க்கற ஈ மாதிரி நாலாபக்கமும் இருக்கணும். ஆனா 2013ல ரோட்ரிகோ இபாட்டா டீம் 27ஐ அளந்து பாத்தா, 15 ஒரு மெல்லிசான தட்டுல வரிசையா இருக்கு, அதுல 13 ஒரே பக்கமா சுத்துது. தட்டோட அகலம் பத்து லட்சம் ஒளி ஆண்டுக்கு மேல. (அதுக்கு புரோகிராம் எழுதி உதவுனது அவரோட 15 வயசுப் பையன், பேப்பர்ல பேரும் இருக்கு.) 2025ல இன்னொரு குண்டு, 37 குட்டில ஒண்ணே ஒண்ணத் தவிர எல்லாம் நம்மள பாத்த பக்கமா, 107 டிகிரிக்குள்ளயே இருக்குன்னு. சிமுலேஷன்ல இப்படி அமையறது 0.3 சதவீதத்துக்கும் கம்மி.

அந்த சிமுலேஷன்லாம் கண்ணுக்குத் தெரியாத டார்க் மேட்டர் இருக்குன்னு வச்சு போட்ட கணக்கு, அதனால உடனே "டார்க் மேட்டர் காலி"ன்னு வாட்சப்ல ஃபார்வர்டு சுத்துச்சு. அப்படியெல்லாம் இல்லப்பா. ஒரே ஒரு கேலக்ஸிய வச்சு மொத்த பிரபஞ்சத்துக்கும் தீர்ப்பு எழுத முடியாது. அதுக்காக சும்மா தற்செயல்னு தட்டி விடறவங்களயும் எனக்கு பிடிக்கல, பால்வெளியோட குட்டிங்களும் ஒரு தட்டுலதான் இருக்குங்கறப்ப அது எப்படி.

பாக்கணும்னு ஆசப்படறவங்களுக்கு: ஐப்பசி கார்த்திகைல ஆண்ட்ரோமெடா உச்சிக்குப் பக்கத்துல வரும், ஆனா அப்ப நமக்கு மழை. தை மாசம் இருட்டுனதும் பாருங்க. பூரட்டாதி ரெண்டு, உத்திரட்டாதி ரெண்டு, நாலு நட்சத்திரம் சேந்து ஒரு பெரிய சதுரம். உத்திரட்டாதில வடக்க இருக்கறதுல இருந்து கெளம்பி, பளிச்சுனு செவப்பா தெரியற மிராக் போய், அங்கேருந்து வடக்குப் பக்கமா திரும்பி ரெண்டு மங்கல் நட்சத்திரம் தாண்டுனா ஆண்ட்ரோமெடா. என் ஆறு இஞ்ச் டெலஸ்கோப்புல எம்32 ஃபோகஸ் ஆகாத நட்சத்திரம் மாதிரி ஈஸியா தெரியும். எம்110 மொத்த வெளிச்சத்துல கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆனா பரந்து கெடக்கறதால நேரா பாத்தா காணாம போயிடும், ஓரக்கண்ணால பாக்கணும்.

அந்த அண்ணன்கிட்ட இதெல்லாம் பாதிதான் சொன்னேன். அதுக்கே அவரு "அடப்பாவி, ரெண்டு கேலக்ஸிய அழிச்சுட்டனா"ன்னு தலைல கை வச்சுக்கிட்டு ஒரிஜினல் ஃபைல திரும்ப ஓபன் பண்ணி ஜூம் பண்ணி ஒவ்வொரு மூலையா தேட ஆரம்பிச்சுட்டாரு. கீழ் ஓரத்துல வடை மாதிரி மங்கலா ஒரு வளையம். "இந்தா இருக்கு பாரு, இது எந்த கேலக்ஸி தம்பி?"

உத்துப் பாத்தேன். அது நெஜமாவே சென்சார் தூசி. "அத மட்டும் எடுத்துருங்கண்ணே"ன்னேன்.