மெர்கேட்டர் படமும் கடலூர் ஐந்து சென்ட்டும்

மெர்கேட்டர் உலகப் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குப் பெரிதாகத் தெரிகிறதே என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "வெள்ளைக்காரன் நம்மளைச் சின்னதாக்கிட்டான்" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. கணக்கு சரிதான். ஆப்பிரிக்கா சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டர், கிரீன்லாந்து அதில் பதினான்கில் ஒரு பங்கு. 32.87 லட்சம் சதுர கி.மீ. உள்ள இந்தியாவே கிரீன்லாந்தைவிட ஒன்றரை மடங்கு பெரியது. ஆனால் பழியை ஆள் மாற்றிப் போடுகிறோம்.

1569-இல் மெர்கேட்டர் என்ற வரைபடக்காரர் இந்த உலகப் படத்தை வரைந்தது மாலுமிகளுக்காக. திசைகாட்டியில் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு போகிற பாதை, தாளில் நேர்கோடாக விழ வேண்டும். துருவத்தை நோக்கிக் குவியும் தீர்க்கரேகைகளை நிமிர்த்தி இணையாக்கினால் நிலம் கிழக்கு மேற்காக இழுபடும். கோணம் கெடாமலிருக்க, அதே அளவு வடக்கு தெற்காகவும் இழுத்தாக வேண்டும். 60 டிகிரி அட்சரேகையில் நீளம் இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு ஆவது இதனால்தான். நம் 12 டிகிரியில் நீளம் 2 சதவீதம்தான் கூடும்.

கடலுக்கு இது இன்றைக்கும் அருமையான படம். கடலூரும் அந்தமானின் போர்ட் பிளேரும் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) ஏறக்குறைய ஒரே அட்சரேகை. நேர் கிழக்கே கோடு போட்டுப் போனால், 1,400 கி.மீ. பயணத்தில் உருண்டையின் மிகக் குறுகிய வழிக்கும் இதற்கும் அரை கிலோமீட்டர்கூட வித்தியாசம் வராது. புதுச்சேரி–பாரிசுக்கு அப்படி இல்லை. படத்தில் போடும் நேர்கோடு வடக்கிலிருந்து மேற்காக 60 டிகிரி சாய்ந்து கிளம்பும். உண்மையான குறுக்குவழி 42 டிகிரியில் கிளம்பி, வளைந்து போகும். 8,100 கி.மீ. தூரத்தில் நேர்கோட்டுக்காரருக்குச் சுமார் 200 கி.மீ. சுற்று. கடல் சார்ட்டில் தூரம் எடுப்பவர்கள் டிவைடரைப் பக்கவாட்டு அட்சரேகை அளவுகோலில், அதுவும் கப்பல் இருக்கும் அதே அட்சரேகைக்கு நேராக வைத்துப் பார்ப்பது, இடத்துக்கு இடம் இழுப்பு மாறுவதால்தான். அங்கே ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். கீழே இருக்கும் தீர்க்கரேகை அளவுகோலில் வைத்தால் போச்சு.

சரி, வகுப்பறைச் சுவரில் என்ன மாட்டுவது? மெர்கேட்டரைக் கழற்றியே ஆகவேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த இடத்தில் பீட்டர்ஸ் படத்தை மாட்டுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 1973-இல் ஆர்னோ பீட்டர்ஸ் அதை ஏழை நாடுகளுக்கான நியாயம் என்று கொண்டுவந்தார். 1855-லேயே ஜேம்ஸ் கால் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சொன்னதுதான் அது. பரப்பு சரி, உருவம் நாசம். நம்மூர் வட்டக் குளம் ஒன்றை அதில் வரைந்தால் உயரம் அகலத்தைப்போல 1.9 மடங்கு ஆகி, புடலங்காய் மாதிரி தொங்கும். உருவம் கெடாமல் நிற்பது 45 டிகிரியில், அதாவது ஐரோப்பாவில்! நியாயம் யாருக்குக் கிடைத்தது என்று நீங்களே பாருங்கள்.

2018-இல் வந்த ஈக்வல் எர்த் என்ற உலகப் படம் பரப்பையும் காப்பாற்றுகிறது, உருவத்தையும் பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறது. 2025-இல் ஆப்பிரிக்க ஒன்றியம் ஆதரித்த பிரச்சாரம் கேட்பதும் இதைத்தான். மைய தீர்க்கரேகையை 80 டிகிரி கிழக்கு என்று வைத்து அச்சிட்டால் தமிழ்நாடு நடுவில் நிற்கும். பழைய படங்களில் வலப்பக்கமாகத் தள்ளப்பட்டிருந்த குறையும் தீரும்.

கிரீன்லாந்துக்குப் பொங்குகிறவர்கள் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. கூகுள் மேப்ஸ், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்றவற்றின் டைல்கள், அதாவது திரையில் அடுக்கும் சதுரப் படத் துண்டுகள், எல்லாம் மெர்கேட்டரின் இணைய வடிவமான வெப் மெர்கேட்டர். வரைபட முறைகளுக்கான இபிஎஸ்ஜி பட்டியலில் அதன் எண் 3857. கூகுளின் அளக்கும் கருவி உருண்டைக் கணக்கே போடுகிறது, அதில் தொல்லை இல்லை. க்யூஜிஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் முதல் லேயராக இந்த டைலைச் சேர்த்தால் புராஜெக்டே 3857-க்கு மாறிவிடும். அதன் மேல் வயலை வரைந்து, அதே 3857-இல் சேமித்து, தட்டைத் தாள் கணக்குப் போடும் சாதாரண ஏரியா ஃபங்ஷனில் பரப்பு கேட்டால் கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் 5 சதவீதம் கூடுதலாக வரும். பட்டாவில் 40.5 ஏர்ஸ் இருக்கிற ஒரு ஏக்கர் திரையில் 42.5 ஏர்ஸ். ஐந்து சென்ட், அதாவது ஒரு வீட்டு மனை, எங்கிருந்தோ முளைத்துவிடும். பக்கத்து வயல்காரர் மேல் சந்தேகப்பட இது போதாதா?

செய்ய வேண்டியது: லேயரை வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் போய், யுடிஎம் (உலகை 6 டிகிரி மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) 44 வடக்கு, இபிஎஸ்ஜி 32644 என்று தேர்ந்தெடுத்துப் புதுக் கோப்பாகச் சேமியுங்கள். பிறகு பரப்பைக் கேளுங்கள். பிழை ஏக்கருக்குச் சுமார் 16 சதுர அடிக்குள் அடங்கிவிடும். பலரும் சறுக்குவது, லேயர் எந்த வரைபட முறையில் இருக்கிறது என்று சொல்லும் "செட் சிஆர்எஸ்" பொத்தானில். அது பெயர்ப் பலகையை மட்டும் மாற்றும், எண்களைத் தொடாது. கூகுள் எர்த்திலிருந்து வந்த கேஎம்எல் கோப்பின் டிகிரி எண்களை அது மீட்டராக நினைத்துக்கொள்ளும். உங்கள் நெல் வயல் நிலநடுக்கோட்டில், இலங்கைக்குத் தென்மேற்கே நடுக்கடலில் போய் உட்காரும். அப்படிக் கடலுக்குப் போனால் நல்லதுதான், தப்பு உடனே தெரிந்துவிடும். 5 சதவீதம் அப்படிக் கண்ணில் படாது.

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் முழுவதற்கும் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு வில்லங்கம். யுடிஎம் மண்டலங்கள் 43-க்கும் 44-க்கும் இடையிலான எல்லை 78 டிகிரி கிழக்கில் ஓடுகிறது. புதுச்சேரி, காரைக்கால், ஏனாம் மூன்றும் 44-இல் விழும். மாஹே 75.5 டிகிரியில் இருப்பதால் அது 43, இபிஎஸ்ஜி 32643. அதைத் தனியாகக் கணக்கிட்டுக் கடைசியில் கூட்டுங்கள். 3857-இல் மொத்தமாக அளந்துவிட்டு "எல்லாத்திலும் 5 சதவீதம் கழிச்சுக்கலாம்" என்று குறுக்குவழி பார்ப்பவர்களை ஏனாம் காலை வாரிவிடும். 16.7 டிகிரி அட்சரேகையில் அங்கே பிழை கிட்டத்தட்ட 10 சதவீதம்.